வன்னியில் உயர்தரம் படிப்பவர் பல்கலைக்கழகத்துக்கும் தொழிலுக்கும் தம்மை ஆயத்தப்படுத்துவது எப்படி

ஆர்முடுகல் என்றால் என்னவென்று இணைந்த கணிதம் படிக்கும் மாணவரிடம் கேட்டால் நித்திரையிலும் விடை சொல்வார். வேக நேர வரைபை வரைந்து, சாய்வைக் காட்டி, அலகையும் சேர்த்தே சொல்வார். அதே மாணவர் இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்துக் கிளிநொச்சி அறிவியல்நகரில் உள்ள பொறியியற் பீடத்தின் விரிவுரை மண்டபத்தில் அமர்ந்திருக்கிறார். விரிவுரையாளர் 'அக்சலரேஷன்' என்று சொல்லிக்கொண்டே சமன்பாட்டை எழுதிப் போகிறார். தமக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைப் பற்றித்தான் பேச்சு நடக்கிறது என்பதை மாணவர் கண்டுபிடிப்பதற்குள் விரிவுரை அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறது.

நான் வன்னியில் படித்து, இப்போது வன்னியிலேயே உயர்தர வகுப்புகளுக்குப் பௌதிகவியல் கற்பிப்பவன். எங்கள் பாடசாலைகள் பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு ஆயத்தப்படுத்துகின்றனவா என்று பெற்றோர் கேட்கும்போது, பாதி ஆயத்தம் செய்கின்றன என்றே சொல்வேன். பாட அறிவில் பெரிய குறை இல்லை; உயர்தரப் பாடத்திட்டம் ஆழமானது, அதை ஒழுங்காக முடித்தவர் எந்தப் பீடத்திலும் தலைநிமிர்ந்து இருக்கலாம். குறைவன வேறு மூன்று: ஆங்கிலத்தில் வாசித்து விளங்குதல், கையால் செய்து பழகுதல், யாரும் சொல்லாமலே படித்தல். இம்மூன்றுக்கும் உயர்தரப் பரீட்சையில் நேரடியாகப் புள்ளி இல்லை. புள்ளி இல்லாத காரணத்தால் ரியூசன் வகுப்பிலும் இடமில்லை. பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளியைக் கெடுத்துக்கொள்ளாமல் இவற்றை இரண்டு ஆண்டுகளில் எப்படிச் சேர்த்துக்கொள்வது என்பதே இங்கு சொல்ல வருவது.

பிரிவைத் தெரிவு செய்யுமுன்

சாதாரண தரப் பெறுபேறு வந்த வாரத்தில் எடுக்கும் முடிவு அடுத்த பத்தாண்டுகளைக் கட்டிப்போடுகிறது. ஆனால் அந்த முடிவு பெரும்பாலும் சிநேகிதர் எங்கே சேர்கிறார் என்பதையோ, எந்தப் பஸ் வசதி என்பதையோ வைத்தே எடுக்கப்படுகிறது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஆண்டுதோறும் வெளியிடும் அனுமதிக் கைநூல் தமிழிலும் கிடைக்கிறது. அதை உயர்தரப் பெறுபேறு வந்த பிறகு வாசிப்பதே வழக்கமாகிவிட்டது. நான் சொல்வது, தரம் 12 இல் சேருமுன்னரே அதை எடுத்து, விருப்பமான கற்கைநெறியின் பக்கத்துக்குப் போய், அதற்கு எந்த மூன்று பாடங்கள் வேண்டும், சாதாரண தரத்தில் கணிதத்திலோ ஆங்கிலத்திலோ குறிப்பிட்ட சித்தி கேட்கிறார்களா, தனியான உளச்சார்புப் பரீட்சை உண்டா என்று பார்த்து, அங்கிருந்து பின்னோக்கி வந்து பிரிவைத் தெரிவு செய்யுங்கள் என்பதே. கட்டடக்கலை போன்ற நெறிகளுக்கு உயர்தரப் பெறுபேறு மட்டும் போதாது. அவற்றை நடத்தும் பல்கலைக்கழகத்துக்குத் தனியாக விண்ணப்பித்து உளச்சார்புப் பரீட்சையிலும் தேற வேண்டும். பத்திரிகை அறிவித்தலைத் தவறவிட்டவருக்கு அந்த ஆண்டு அவ்வளவுதான்.

தொழினுட்பப் பிரிவைப் பற்றி ஒரு தெளிவு தேவை. 2013 இல் தொடங்கப்பட்ட இப்பிரிவு நல்லது. ஆனால் பொறியியற் தொழினுட்பம் படித்தால் பொறியியற் பீடத்துக்குப் போகலாம் என்று நம்பிச் சேர்ந்த பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். பொறியியல் இளமாணிப் பட்டத்துக்கு இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் என்ற மூன்றும் வேண்டும். தொழினுட்பப் பிரிவு உங்களை அழைத்துச் செல்வது பொறியியற் தொழினுட்பம், உயிர்முறைமைகள் தொழினுட்பம், தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் ஆகிய பட்டங்களுக்கு. இவற்றுக்கான பீடங்கள் நமது வாசலிலேயே இருக்கின்றன: யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் தொழினுட்பப் பீடம் அறிவியல்நகரில், விவசாய பீடத்துக்கும் பொறியியற் பீடத்துக்கும் அருகில், 2021 ஓகஸ்ட் 1 முதல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்ட வவுனியாவின் தொழினுட்பக் கற்கைகள் பீடம் இன்னொன்று.

பாடசாலையில் சேருமுன் கேட்க வேண்டிய கேள்வியும் ஒன்று உண்டு. மூன்று பாடங்களுக்கும் இன்று நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா, அல்லது ஒருவர் இடமாற்றத்தில் போகக் காத்திருக்கிறாரா? கேட்பதற்குக் கூச்சமாக இருக்கும். ஆனால் ஒட்டுசுட்டானிலிருந்தோ நெடுங்கேணியிலிருந்தோ நாள்தோறும் பஸ்ஸில் வந்து போகப்போகும் பிள்ளைக்கு, இரசாயனவியலுக்கு ஆசிரியர் இல்லாத பாடசாலை என்பது ஒரு பாடத்தைத் தனியாகப் படிக்க வேண்டிய பாடசாலை. தெரிந்தே சேர்ந்தால் அதற்கேற்பத் திட்டமிடலாம்.

இசட் புள்ளியும் மாவட்டமும்

இசட் புள்ளியைப் பற்றிப் பயமே அதிகம், விளக்கம் குறைவு. ஒரு பாடத்தில் அந்த ஆண்டு தோற்றிய எல்லோருடைய புள்ளிகளின் சராசரியை உங்கள் புள்ளியிலிருந்து கழித்து, எஞ்சுவதை நியம விலகலால் வகுத்தால் அந்தப் பாடத்தின் இசட் புள்ளி வரும். மூன்று பாடங்களுக்கும் அப்படிக் கண்டு சராசரி எடுப்பார்கள். சராசரி 40, நியம விலகல் 20 என்று இருக்கும் பாடத்தில் 60 எடுத்தவருக்கு 1.0 கிடைக்கும், சராசரி 55, நியம விலகல் 15 ஆக இருக்கும் பாடத்தில் அதே 1.0 ஐப் பெற 70 எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால், கடினமான பாடம் என்று அஞ்சி ஒதுக்கும் பாடம் எப்போதும் நட்டமில்லை என்பது விளங்கும். மூன்று பாடங்களிலும் ஒரே தடவையில் சித்தியடைவதோடு, எல்லாப் பிரிவினரும் எழுதும் பொதுச் சாதாரண வினாத்தாளில் 30 புள்ளியாவது வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். மூன்று பாடங்களில் நல்ல பெறுபேறு எடுத்து இதில் கோட்டைவிட்டவர்கள் உண்டு.

கலைப் பிரிவு தவிர்ந்த பெரும்பாலான கற்கைநெறிகளில் இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டச் சனத்தொகை அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாகவும் வழங்கப்படுகின்றன. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நான்கும் அந்தப் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் உள்ளவை. ஆகவே நல்ல ரியூசன் தேடி யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ பிள்ளையைப் பாடசாலை மாற்றுமுன், எந்த மாவட்டத்தின் கணக்கில் பிள்ளை சேர்க்கப்படும் என்பதைத் தீர்மானிக்கும் விதிகளைக் கைநூலில் சொல்லுக்குச் சொல் வாசியுங்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. மாவட்ட அடிப்படை உள்ளே நுழையும்வரைதான். முதல் அரையாண்டுப் பரீட்சையில் கொழும்புப் பிள்ளைக்கும் மல்லாவிப் பிள்ளைக்கும் ஒரே வினாத்தாள், ஒரே புள்ளியிடும் திட்டம். முன்பு சொன்ன மூன்று குறைகளும் வெளிப்படுவது அங்கேதான்.

இரு பத்திக் கொப்பி

மருத்துவம், பொறியியல், விஞ்ஞானம், விவசாயம், தொழினுட்பம், முகாமைத்துவம் ஆகியவற்றின் கற்பித்தல் மொழி ஆங்கிலம். 'அங்க போனாப் பிறகு பாப்பம் சேர்' என்று பிள்ளைகள் சொல்வார்கள். அங்கு போன பிறகு பார்ப்பதற்கு நேரம் இருக்காது. அதற்காக இப்போதே ஆங்கில மூலத்துக்கு மாறுவதும் எங்கள் சூழலில் புத்திசாலித்தனமான காரியம் அல்ல. தமிழில் ஆழமாக விளங்கிக்கொள்வதே வேர். செய்ய வேண்டியது, தமிழில் விளங்கியதற்கு ஆங்கிலத்தில் ஒரு கைப்பிடி போட்டு வைப்பது.

நாற்பது பக்கக் கொப்பி ஒன்றை எடுத்து, பக்கத்தை நடுவில் கோடிட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம் அன்று வகுப்பில் வந்த தமிழ்ச் சொல், வலப்பக்கம் அதன் ஆங்கிலச் சொல். உந்தத்துக்கு மொமென்ரம், காவிக்கு வெக்ரர், கொள்ளளவிக்குக் கப்பாசிற்றர், வகையீட்டுக்கு டிஃபரன்சியேஷன். உயிரியலில் நொதியத்துக்கு என்சைம், ஒளித்தொகுப்புக்குப் போட்டோசிந்தசிஸ். கணக்கீட்டில் ஐந்தொகைக்குப் பலன்ஸ் ஷீற், பெறுமானத் தேய்வுக்கு டிப்ரிசியேஷன். கொப்பியில் ஆங்கில எழுத்திலேயே எழுதி, ஒவ்வொன்றையும் ஒரு முறை உரத்துச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரிந்த சொல் காதுக்குத் தெரியாமல் போவதுதான் முதல் விரிவுரையில் நடக்கும் விபத்து. நாளுக்கு ஐந்து சொல் போதும். இரண்டு ஆண்டுகளில் விடுமுறைகளை ஒதுக்கினாலும் இரண்டாயிரம் சொற்களுக்கு மேல் சேரும். முதல் ஆண்டுப் பாடநூல்களில் வரும் கலைச்சொற்களில் பெரும்பகுதி அதற்குள் அடங்கிவிடும்.

அடுத்த படி இன்னும் எளிது, ஆனால் எவரும் செய்வதில்லை. உயர்தரப் பரீட்சை மூன்று மொழிகளிலும் நடப்பதால், நீங்கள் செய்து முடித்த கடந்தகால வினாத்தாளின் ஆங்கிலப் பிரதி எங்கோ இருக்கிறது. தேசிய கல்வி நிறுவகத்தின் வழிகாட்டிகளும் வளநூல்களும் அப்படியே. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இணையத்தளத்தில் தேடினால் கைத்தொலைபேசியிலேயே இறக்கிக்கொள்ளலாம். தமிழ் வினாத்தாளைச் செய்து முடித்த அன்றே ஆங்கிலப் பிரதியைப் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். விடை ஏற்கெனவே தெரியும். ஆகவே பயமில்லாமல் வாசிக்கலாம். 'எனக் காட்டுக' என்பது 'ஷோ தற்', 'இதிலிருந்து' என்பது 'ஹென்ஸ்', 'உய்த்தறிக' என்பது 'டிடியூஸ்', 'கூறுக' என்பது 'ஸ்ரேற்' என்று ஏழெட்டு வினாத்தாள்களில் பிடிபட்டுவிடும். வினாக்களில் வரும் கட்டளைச் சொற்கள் மொத்தம் இருபது முப்பதுதான். அவை தெரியாமல் முதல் அரையாண்டில் புள்ளி இழந்தவர்கள் கணக்கில் அடங்கார்.

ஏ9 வீதி நெடுகிலும் 'ஸ்போக்கன் இங்கிலிஷ்' விளம்பரப் பலகைகள் நிற்கின்றன. அவற்றைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் சந்தையில் விலை கேட்பதற்கான ஆங்கிலமும், வெப்ப இயக்கவியல் பாடநூலின் ஒரு பக்கத்தை வாசித்து முடிப்பதற்கான ஆங்கிலமும் வேறு வேறு. பல்கலைக்கழகத்துக்கு முதலில் வேண்டியது வாசிப்பு. பேச்சு அதன் பின்னால் வரும். பொது ஆங்கில வினாத்தாளின் புள்ளி இசட் புள்ளியில் சேராது என்பதற்காக அதை வெறுமையாகக் கொடுத்துவிட்டு வரும் பழக்கத்தையும் விடுங்கள். அந்தப் பெறுபேறு சான்றிதழில் பதிவாகிறது, சில கற்கைநெறிகளும் தொழில் வழங்குநரும் அதைப் பார்க்கிறார்கள்.

கையால் செய்து பார்த்தல்

நான் படித்த பாடசாலையில், திரவத்தைத் துளித்துளியாக விட்டு அளக்கும் குழாயாகிய அளவி ஒன்று கண்ணாடி அலுமாரிக்குள் இருந்தது. அலுமாரிக்குப் பூட்டு இருந்தது. திறப்பு யாரிடம் இருந்தது என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. நியமிப்புப் பரிசோதனையைப் படிமுறை படிமுறையாக மனப்பாடம் செய்து, பரீட்சையில் எழுதி, புள்ளியும் வாங்கினேன். பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் முதன்முதலாக அளவியின் குழாய்த் திருகைத் திருப்பியபோது, ஒரு துளிக்குப் பதில் ஐந்தாறு மில்லிலீற்றர் ஒரேயடியாகக் குடுவைக்குள் போய், இளஞ்சிவப்பாக வரவேண்டியது கடும் சிவப்பாகியது. பீனோல்தலீனின் நிறம் மாறுவது ஒரேயொரு துளியில் என்பது எனக்குத் தெரியும். அந்தத் துளியை நிறுத்துவது விரலின் வேலை என்பது தெரியாது. குழாய்க்குள் திரவ மேற்பரப்பு வளைந்து நிற்கும் பிறையுருவின் கீழ் விளிம்பைக் கண்மட்டத்தில் வைத்து வாசிக்க வேண்டும் என்பதையும் நூறு முறை எழுதியிருக்கிறேன்; கண்மட்டத்துக்கு வர முழங்காலை மடிக்க வேண்டும் என்று எந்தக் குறிப்பிலும் இருக்கவில்லை.

உங்கள் பாடசாலையில் திறப்பு கிடைக்குமானால், ஆறு பேர் சேர்ந்து ஆசிரியரிடம் போய்ச் சனிக்கிழமை ஒன்றைக் கேளுங்கள். தனியாகக் கேட்டால் பார்ப்போம் என்பார்கள். ஆறு பேராகப் போனால் பெரும்பாலும் மறுப்பதில்லை. கிடைக்காவிட்டால் வீட்டிலேயே செய்யக்கூடியவை உண்டு. எளிய ஊசலுக்கு ஒரு நூலும், சைக்கிள் கடையில் கிடைக்கும் கனமான நட்டும், கைத்தொலைபேசியின் நிறுத்தற்கடிகாரமும் போதும். விறாந்தை வளையில் நூலைக் கட்டி, நட்டின் மையம் வரை 25 சென்ரிமீற்றர் அளந்து, சிறிய கோணத்தில் ஆடவிட்டு, இருபது அலைவுகளுக்கான நேரத்தை எடுங்கள். ஏறத்தாழ 20 செக்கன் வரும், அதாவது ஓர் அலைவுக்கு ஒரு செக்கன். நீளத்தை 40, 60, 80, 100 சென்ரிமீற்றர் என்று கூட்டிப் போங்கள். அலைவுகாலத்தின் வர்க்கத்தை நீளத்துக்கு எதிரே வரைபாக்கினால் நேர்கோடு வரும், அதன் சாய்வு மீற்றருக்கு 4 செக்கன் வர்க்கத்துக்கு அண்மையில் இருக்கும். 39.5 ஐ, அதாவது 4π² ஐ, அந்தச் சாய்வால் வகுத்தால் புவியீர்ப்பு ஆர்முடுகல். என் மாணவர் ஒருவருக்கு 10.9 வந்தது. ஏன் கூடியது என்று தேடி, அலைவுகளை எண்ணத் தொடங்கும்போது 'பூச்சியம்' என்பதற்குப் பதில் 'ஒன்று' என்று தொடங்கியிருக்கிறார் என்று ஒரு பின்னேரம் முழுவதும் செலவழித்துக் கண்டுபிடித்தோம். அந்தப் பின்னேரத்தில் அவர் கற்றதைப் பல்கலைக்கழகத்தில் 'வழுப் பகுப்பாய்வு' என்ற பெயரில் கற்பிப்பார்கள்.

வர்த்தகப் பிரிவு மாணவர் உறவினரின் கடையில் ஒரு மாதக் கொள்வனவு, விற்பனை, கடன் எல்லாவற்றையும் பதிந்து இலாபநட்டக் கணக்கு எழுதிப் பார்க்கட்டும்; 'கொப்பிக் கடன்' என்று கடைக்காரர் சொல்வதை எந்தத் தலைப்பில் போடுவது என்று திண்டாடும்போதுதான் பாடம் உயிர்பெறும். கலைப் பிரிவினருக்கு என் பரிந்துரை எழுத்து. உங்கள் ஊர்க் குளத்தின் வரலாற்றைப் பற்றி மூன்று முதியவரிடமும் ஒரு நூலிலும் தகவல் எடுத்து, யார் சொன்னது எது என்று பிரித்துக் காட்டி 1500 சொல்லில் எழுதுங்கள். பல்கலைக்கழகம் உங்களிடம் கேட்கப்போவது இதைத்தான். ரியூசனில் பிரதிபண்ணிக் கொடுக்கும் மாதிரிக் கட்டுரையை அங்கே எவரும் கேட்க மாட்டார்.

யாரும் சொல்லாமல் படித்தல்

மூன்று குறைகளில் இதுவே பெரியது. காலை ஆறு மணி ரியூசன், பாடசாலை, பின்னேர ரியூசன், சனி ஞாயிறு மீட்டல் வகுப்பு என்று ஓடும் பிள்ளைக்குத் தானாகப் புத்தகத்தைத் திறக்க ஒரு மணித்தியாலமும் மிஞ்சுவதில்லை. அந்த அட்டவணையைத் தயாரித்தவர்கள் பெற்றோரும் ஆசிரியருமாகிய நாங்களே.

பல்கலைக்கழகத்தில் என்ன நடக்கிறது என்று கணக்குப் பார்ப்போம். இலங்கைத் தகைமைகள் சட்டகத்தின்படி ஒரு திறமைப்புள்ளி என்பது 50 மணித்தியாலக் கற்றல். மூன்று திறமைப்புள்ளிப் பாடத்துக்கு 150 மணித்தியாலம். அதில் விரிவுரை 45 மணித்தியாலம் அளவே; மிகுதி 105 மணித்தியாலத்தையும் நீங்களே நிரப்ப வேண்டும். ஓர் அரையாண்டுக்குப் பதினைந்து திறமைப்புள்ளி என்றால் 750 மணித்தியாலம்; பதினைந்து வாரத்துக்குப் பகிர்ந்தால் வாரத்துக்கு ஐம்பது. விரிவுரை முடிந்துவிட்டது, இனிச் சும்மா இருக்கலாம் என்று முதல் மாதத்தில் நினைப்பவர் இந்தக் கணக்கை அறியாதவர்.

இதற்கான பயிற்சியை முழுப் பாடத்திட்டத்திலும் செய்யத் தேவையில்லை. தவணைக்கு ஓர் அலகை மட்டும் தெரிவு செய்து, வகுப்பில் தொடங்க இரண்டு வாரம் இருக்கும்போதே வளநூலிலிருந்து நீங்களாகப் படியுங்கள். இரண்டு பக்கத்தில் உங்கள் சொந்த வசனத்தில் குறிப்பெழுதுங்கள். விளங்காத இடங்களைக் கேள்வியாக எழுதி வையுங்கள். 'இது விளங்கவில்லை' என்று முழுப் பாடத்தையும் காட்டாமல், எந்த வரியிலிருந்து எந்த வரிக்கு வந்தது எப்படி என்று குறிப்பாகக் கேட்பதும் ஒரு பயிற்சி. பிறகு ஆசிரியர் கற்பிக்கும்போது உங்கள் குறிப்பில் எது பிழை, எது விடுபட்டது என்று திருத்துங்கள். இரண்டு ஆண்டுகளில் ஆறு அலகு இப்படி முடியும். இசட் புள்ளிக்கும் இது நட்டமில்லை, அந்த ஆறு அலகையும் நீங்கள் மறக்க மாட்டீர்கள்.

மழை, பெயர், கடதாசி

உயர்தரப் பரீட்சை அண்மைய ஆண்டுகளில் காலபோக மழையோடு வந்திருக்கிறது. 2024 நவம்பர் கடைசியில் வெள்ளத்தால் பரீட்சையே சில நாட்கள் நிறுத்தப்பட்டது. குளம் வான்பாய்ந்தால் பாதை மூடும் ஊரில் இருப்பவர், பரீட்சை மண்டபத்துக்கு நடந்து போகும் தூரத்தில் உறவினர் வீடொன்றை முன்னரே பேசி வைப்பது நல்லது. அனுமதி அட்டையையும் அடையாள அட்டையையும் பொலித்தீன் உறையில் போடுங்கள்.

பெயர் விடயம் சிறியதாகத் தோன்றும், ஆனால் வன்னியில் அது பெரிய தலையிடி. இடப்பெயர்வில் பத்திரங்கள் தொலைந்து, முகாமிலும் பிறகு மீள்குடியேறிய இடத்திலும் திரும்ப எடுத்தபோது, பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்து, அடையாள அட்டையில் வேறு எழுத்து, தகப்பனின் பெயரில் இன்னொன்று என்று ஆகிவிட்ட குடும்பங்கள் ஏராளம். தரம் 12 இல் இருக்கும்போதே மூன்றையும் மேசையில் பரப்பி எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு, பிழையிருந்தால் பிரதேச செயலகத்தில் திருத்தத்துக்குக் கொடுங்கள். அனுமதிக் கடிதம் வந்த பிறகு ஓடுவது வீண் அலைச்சல்.

பரீட்சைக்கும் நுழைவுக்கும் இடைப்பட்ட மாதங்கள்

பரீட்சை முடிந்து பல்கலைக்கழக வாசலை மிதிக்கும்வரை பல மாதங்கள், சில வேளை ஒரு வருடத்துக்கு மேலும் போகிறது. இந்தக் காலத்தைக் கைத்தொலைபேசி தின்றுவிடுகிறது. நான் வைக்கும் வரிசை இது: முதலில் ஆங்கில வாசிப்பு, நாளுக்கு இரண்டு பக்கம், உங்கள் துறையில். அடுத்து விரிதாளில் தரவு போட்டு வரைபு எடுக்கவும், தமிழிலும் ஆங்கிலத்திலும் பத்து விரலால் தட்டச்சு செய்யவும் பழகுதல். மூன்றாவதாகச் சிங்களத்தில் பேசிச் சமாளிக்கும் அளவு. பேராதனையிலோ மொறட்டுவையிலோ இடம் கிடைத்தால் விடுதி அறையில் அது வேண்டும். அரச சேவையில் சேர்பவர் மற்றைய அரசகரும மொழியில் தேர்ச்சி காட்ட வேண்டியும் இருக்கிறது. வயல் வேலைக்கோ கடை வேலைக்கோ போக வேண்டிய வீட்டு நிலைமை இருந்தால் அதற்கு வெட்கப்பட எதுவும் இல்லை, காலையில் ஒரு மணித்தியாலம் மட்டும் மேற்சொன்னதற்கு ஒதுக்குங்கள்.

ஒவ்வொரு நெறிக்கும் தேவையான ஆகக்குறைந்த இசட் புள்ளியாகிய வெட்டுப்புள்ளி வருமுன் விருப்பத்தெரிவுப் பட்டியல் நிரப்ப வேண்டும். இங்கே ஆண்டுதோறும் நடக்கும் தவறு ஒன்று: 'இது கிடைக்காது' என்று தாமே முடிவெடுத்து, உண்மையில் விரும்பியதைக் கீழே தள்ளி, கிடைக்கும் என்று நினைப்பதை முதலில் போடுவது. தெரிவு மேலிருந்து கீழாகப் பார்க்கப்படுகிறது. உங்கள் இசட் புள்ளிக்கு எட்டும் முதலாவது தெரிவு உங்களுக்குக் கிடைக்கும். எட்டாத ஒன்றை மேலே போட்டதற்காகக் கீழே உள்ளது பறிபோகாது. ஆனால் எளிதில் கிடைப்பதை மேலே போட்டால் அதுவே கிடைத்துவிடும், அதற்குக் கீழே இருந்த நல்ல நெறிக்கு உங்கள் புள்ளி போதுமானதாக இருந்திருந்தாலும் கூட. ஆகவே விருப்பத்தின் வரிசையிலேயே எழுதுங்கள். கீழ்ப்பகுதியில் நிச்சயம் கிடைக்கக்கூடிய சிலதைச் சேர்த்து வையுங்கள்.

பல்கலைக்கழகம் அல்லாத வழி

தகுதி பெறுவோரில் பெரும்பகுதியினருக்கு அரச பல்கலைக்கழகங்களில் இடமில்லை. 'கம்பஸ் கிடைக்காட்டி வெளிநாடு' என்று, காணியை ஈடுவைத்து முகவருக்குப் பணம் கட்டப் போகும் தகப்பன்மாரிடம், அண்ணை, அந்தக் காசை எடுக்குமுன் அறிவியல்நகருக்கு ஒருமுறை போய்ப் பாருங்கோ என்று சொல்லியிருக்கிறேன். அங்கே இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழுக்குரிய பயிற்சிகள், நல்ல பட்டறைகளோடு. அந்தத் தகைமை 1 முதல் 7 மட்டம் வரை ஏறும் ஏணி: 5, 6 ஆம் மட்டங்கள் டிப்ளோமா, 7 ஆம் மட்டம் பட்டம். இரத்மலானையில் உள்ள தொழினுட்பத் தொழிற்கல்விப் பல்கலைக்கழகம் இந்த ஏணியால் ஏறி வருபவருக்கானது. ஆசிரியத் தொழிலில் விருப்பமிருப்பவருக்கு வவுனியா பூந்தோட்டத்தில் தேசிய கல்வியியற் கல்லூரி; தொழில் செய்துகொண்டே பட்டம் படிக்கத் திறந்த பல்கலைக்கழகம். இவற்றைத் தோற்றவர்களுக்கான ஆறுதல் பரிசாகப் பார்ப்பது எங்கள் சமூகத்தின் பழக்கம். குளிரூட்டியும் சூரியப் படலமும் திருத்தத் தெரிந்தவரைத் தேடி வவுனியாவுக்கு அழைப்பெடுக்கும்போது அந்தப் பழக்கம் எவருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

பட்டம் கிடைத்தால் அரச நியமனம் வரும் என்று காத்திருந்து, நியமனம் கேட்டு வீதியில் இருந்த பட்டதாரிகளை வடக்கு கண்டிருக்கிறது. ஆகவே தொழிலைப் பற்றிய விசாரணையையும் உயர்தரத்திலேயே தொடங்குங்கள். நீர்ப்பாசனத் திணைக்களப் பொறியியலாளர், விவசாயப் போதனாசிரியர், வங்கி உத்தியோகத்தர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர், மீன் பதனிடும் தொழில் செய்பவர் என்று உங்களுக்கு எட்டக்கூடிய இருவரைச் சந்தித்து, நேற்றுக் காலை முதல் மாலை வரை என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். 'இந்தத் துறை எப்படி' என்று கேட்டால் அறிவுரை வரும். நேற்றைய நாளைப் பற்றிக் கேட்டால் அந்தத் தொழில் கண்முன் வரும்.

முதல் வாரம்

அனுமதிக் கடிதம் வந்தபின் மகாபொல புலமைப்பரிசில் அல்லது உதவுதொகைக்குரிய வருமானப் பத்திரங்களைக் கிராம அலுவலர், பிரதேச செயலகம் ஊடாக உடனே எடுங்கள். பகிடிவதை 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தின்படி குற்றம். எவராவது எல்லை மீறினால் மாணவ ஆலோசகரிடம் சொல்வதற்குத் தயங்க வேண்டாம், வீட்டுக்கும் சொல்லுங்கள். பெரும்பாலான பீடங்களில் 80 வீத வருகை இல்லாமல் பரீட்சை எழுத முடியாது என்பதால், முதல் மாத வீட்டு நினைவில் வெள்ளிக்கிழமை விரிவுரையை விட்டுவிட்டுப் பஸ் ஏறும் பழக்கத்தைத் தொடங்காதீர்கள்.

பெட்டியில் அந்த இரு பத்திக் கொப்பியும் இருக்கட்டும். அடுத்த நாள் விரிவுரையின் தலைப்பு நேர அட்டவணையில் இருக்கும்; முதல் நாள் இரவே அதற்குரிய பக்கங்களைத் தேடி எடுத்து, வலப்பக்கத்தை மூடிக்கொண்டு, இடப்பக்கத்தில் இருக்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் ஆங்கிலச் சொல்லை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.